கோணம் தீர்மானிக்கும் முனைவு

பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன்பக்கம் இழுக்கும் திறனே எலக்ட்ரான் கவர்தன்மை. அதை அளக்கும் பாலிங் அளவுகோலில் ஆக்சிஜனுக்கு 3.44, கார்பனுக்கு 2.55. ஆகவே இவ்விரண்டும் பிணையும்போது எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கமே சாய்கின்றன. பிணைப்பின் ஒரு முனையில் சிறிது எதிர்மின்னும் மறுமுனையில் சிறிது நேர்மின்னும் தங்குகின்றன. இதுவே முனைவு. இத்தகைய முனைவுப் பிணைப்புகளால் மட்டுமே ஆனதாயினும் கார்பன் டை ஆக்சைடு முனைவற்ற மூலக்கூறு. மூலக்கூறின் முனைவை அளக்கும் இருமுனைத் திருப்புத்திறன் அதற்குச் சுழியம். நீருக்கோ 1.85 டிபை (திருப்புத்திறனின் அலகு).

பிணைப்பின் முனைவுக்கு அளவோடு திசையும் உண்டு. எல்லாப் பிணைப்புகளையும் திசையோடு சேர்த்துக் கூட்டினால் எஞ்சுவதே மூலக்கூறின் முனைவு. கார்பன் டை ஆக்சைடு நேர்கோட்டு வடிவம். இரண்டு இழுப்புகளும் நேரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நீரில் அப்படி நடப்பதில்லை. ஆக்சிஜனைச் சுற்றி இரண்டு பிணைப்புகளும், பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் இணைகளும் உள்ளன. இந்நான்கும் ஒன்றையொன்று விலக்குவதால் நான்முகியின் மூலைகளை நோக்கி விரிகின்றன. தனித்த இணைகள் சற்றுக் கூடுதலாகவே நெருக்க, பிணைப்புக் கோணம் நான்முகிக்குரிய 109.5 பாகையிலிருந்து 104.5 ஆகச் சுருங்குகிறது. வளைந்த அந்த வடிவத்தில் இழுப்புகள் அழியாமல் கூடுகின்றன.

நான்கு குளோரின்களும் கார்பனைச் சுற்றிச் சீராக அமைந்த கார்பன் டெட்ரா குளோரைடு முனைவற்றது. அதில் ஒரு குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தால் கிடைக்கும் குளோரோஃபார்ம் முனைவுள்ளது. இதை வைத்து 'சமச்சீர் இருந்தால் முனைவு இல்லை' என்று மனப்பாடம் செய்பவர்கள் அம்மோனியாவிடம் மாட்டிக்கொள்வார்கள். அதன் மூன்று ஹைட்ரஜன்களும் அச்சைச் சுற்றிச் சீராகவே அமைந்துள்ளன. ஆனால் மூன்றும் நைட்ரஜனின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் அவற்றை ஈடுகட்டப் பிணைப்பு எதுவும் இல்லை.

எனக்குப் பிடித்த சோடி அம்மோனியாவும் நைட்ரஜன் டிரைஃப்ளூரைடும்தான். இரண்டும் ஒரே பிரமிடு வடிவம். நைட்ரஜனுக்கும் ஃப்ளூரினுக்குமான கவர்தன்மை வேறுபாடு 0.94, ஹைட்ரஜனுடன் 0.84 மட்டுமே. ஆயினும் அம்மோனியாவின் திருப்புத்திறன் 1.47 டிபை, ஃப்ளூரைடுக்கு வெறும் 0.23. அம்மோனியாவில் பிணைப்பு எலக்ட்ரான்கள் நைட்ரஜனை நோக்கிச் சாய்வதால், நைட்ரஜனின் தனித்த இணை இருக்கும் திசையிலேயே எதிர்மின் கூடுகிறது. ஃப்ளூரைடில் பிணைப்புகள் எதிர்த்திசையில் இழுக்க, தனித்த இணையின் பங்கு பெரும்பாலும் கழிந்துபோகிறது.

வடிவத்தின் விளைவைக் கொதிநிலையிலும் பார்க்கலாம். 1,2-டைகுளோரோ எத்திலீனின் இரு மாற்றியங்களுக்கும் (அணுக்கள் அமைந்த இடத்தில் மட்டும் வேறுபடும் வடிவங்கள்) அணுக்கள் ஒன்றே, பிணைப்புகளும் ஒன்றே. இரண்டு குளோரின்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த டிரான்ஸ் வடிவம் முனைவற்றது. சுமார் 48 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஒரே பக்கத்தில் அமைந்த சிஸ் வடிவத்தின் மூலக்கூறுகளோ முனைவால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அதைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 60 டிகிரி வேண்டும்.