பென் டிரைவ் ஒருநாளும் ரேம் ஆகாது

கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவரின் மடிக்கணினி அண்மையில் பழுதுபார்க்க வந்தது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருடைய அண்ணனுக்குக் கிடைத்த பழைய கணினி அது. 2 ஜிபி ரேம். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவியிருந்தார்கள். உலாவி சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்கிறது, லிப்ரெஆபீஸில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடுகிறது என்பது புகார். ரேம் பழுது என்று யாரோ சொல்ல, அதையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தால் ‘ரீட்-எரர் ஆன் ஸ்வாப்-டிவைஸ்’ (ரேமில் இடம் போதாததை ஒதுக்கிவைக்கும் ஸ்வாப் வட்டைப் படிக்க முடியவில்லை) என்ற வரியே பக்கம் பக்கமாக ஓடியது; ஒவ்வொரு வரியிலும் 8:16 என்ற எண். 8:0 என்றால் உள்ளே இருக்கும் முதல் வட்டு. 8:16 என்றால் இரண்டாவது. ஒரே ஹார்ட் டிஸ்க் உள்ள மடிக்கணினியில் இரண்டாவது வட்டு ஏது என்று கேட்டதற்கு, ‘ரேம் பத்தலைன்னு பென் டிரைவை ஸ்வாப் ஆக்கினோம் சார், வீடியோவில் அப்படித்தான் சொன்னாங்க’ என்று பதில் வந்தது.

இதே காரணத்தோடு கணினிகள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். ‘பென் டிரைவைச் செருகி ரேமைக் கூட்டுங்கள்’ என்று சொல்லும் காணொளிகள் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகின்றன. விண்டோஸ் விஸ்டாவுடன் 2007-இல் ரெடிபூஸ்ட் என்றொரு வசதி பரவலாக வந்தது. அதுவும் பென் டிரைவைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அதில் இருந்தவை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள தரவுகளின் நகல்கள் மட்டுமே. எந்த நேரத்தில் பென் டிரைவைப் பிடுங்கினாலும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே படித்துக்கொள்ளும். லினக்ஸின் ஸ்வாப் அப்படிப்பட்டதன்று. ரேமில் இடம் போதாதபோது, நிரல்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நினைவகப் பக்கங்களைக் கெர்னல் ஸ்வாப்பில் எழுதிவிட்டு, ரேமில் அவை இருந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. அதன்பின் அந்தப் பக்கம் ஸ்வாப்பில் மட்டுமே இருக்கிறது, வேறெங்கும் இல்லை. ரெடிபூஸ்ட் என்பது பத்திரத்தின் ஜெராக்ஸை வெளியே கொடுத்துவைப்பது. ஸ்வாப் என்பது மூலப்பத்திரத்தையே கொடுத்துவைப்பது. நீங்கள் இன்னும் சேமிக்காத கடிதமும், உலாவியில் பாதி நிரப்பிய விண்ணப்பமும் அந்தப் பென் டிரைவில் போய் உட்கார்ந்திருக்கக்கூடும். அதைப் பிடுங்கினாலோ, தளர்ந்துபோன யூஎஸ்பி துளையில் அது ஒரு நொடி தொடர்பிழந்தாலோ, அந்தப் பக்கத்தைக் கேட்கும் நிரலுக்குச் சிக்பஸ் என்ற சமிக்ஞையை அனுப்பிக் கெர்னல் அதை முடித்துவிடும். உடனே திரும்பச் செருகிவிட்டேனே என்பார்கள். முதலில் செருகியபோது பென் டிரைவுக்கு லினக்ஸ் வைத்த பெயர் எஸ்டிபி என்றால், திரும்பச் செருகியது எஸ்டிசி என்ற புதுப் பெயரில் வரும். கெர்னல் தேடுவதோ காணாமற்போன எஸ்டிபியை. இவ்விரண்டும் ஒரே பொருள்தான் என்று அதற்குப் புரியவைக்க வழி கிடையாது.

சரி, பிடுங்கவே மாட்டேன் என்பவர்களுக்கு வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூஎஸ்பி 2.0 துளையின் ஏட்டு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 அல்லது 35 எம்பி கிடைத்தால் பெரிது. அதுவும் ஒரு பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாக நகலெடுக்கும்போதுதான். ஸ்வாப்பில் போய்வருபவை 4 கேபி அளவுள்ள பக்கங்கள், பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின்மேல் அப்படியே எழுத முடியாது. நூற்றுக்கணக்கான கேபி முதல் சில எம்பி வரையிலான ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகே மீண்டும் எழுத முடியும். எனவே சிறு சிறு எழுதல்களைக் கொடுத்தால் மலிவான பென் டிரைவின் வேகம் நொடிக்கு ஒரு எம்பிக்கும் கீழே போவது சாதாரணம். அந்த நேரத்தில் சுட்டிகூட நகராது. கணினி தொங்கிவிட்டது என்று நினைத்து நீங்கள் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பீர்கள்; ஹார்ட் டிஸ்க்கின் கோப்பு முறைமைக்கும் அது நல்லதன்று.

தேய்மானம் தனிக் கதை. அழித்து எழுத எழுதப் பிளாஷ் தொகுதிகள் தேயும். பிளாஷ் நினைவகத்தாலான வட்டான எஸ்எஸ்டியில் எழுதல்களை எல்லாத் தொகுதிகளுக்கும் சமமாகப் பங்கிடும் திறமையான கட்டுப்படுத்திச் சில்லு இருக்கும். மலிவான பென் டிரைவில் இருப்பது பெயரளவுக்குத்தான். தேய்ந்த பென் டிரைவ்களில் பல, எழுத முடியாதபடி தம்மைத் தாமே பூட்டிக்கொள்கின்றன. சில, கணினியின் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகின்றன. பாதியை ஸ்வாப்பாகவும் மீதியைச் சான்றிதழ் ஸ்கேன்களுக்கும் குடும்பப் புகைப்படங்களுக்கும் ஒதுக்கிவிட்டு, பிறகு தரவை மீட்டுத் தாருங்கள் என்று வருகிறவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஏன் பென் டிரைவை நாடினீர்கள் என்று கேட்டால் பலரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஸ்வாப்புக்குத் தனிப் பகிர்வு (பார்ட்டிஷன்) வேண்டும், ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கப் பயமாக இருந்தது. தனிப் பகிர்வு தேவையே இல்லை! பரவலான லினக்ஸ் வகையான உபுண்டுவே 2017-இல் வந்த 17.04 பதிப்பிலிருந்து இயல்பாக ஸ்வாப் கோப்பைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு ஜிபி காலியாக இருந்தால் போதும்: டிடி கட்டளையால் அந்த அளவுக்கு ஒரு கோப்பை உருவாக்குங்கள், சிஹெச்மாட் 600 கொடுத்து ரூட் பயனரைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்யுங்கள், அதை ஸ்வாப்பாக வடிவமைக்கும் எம்கேஸ்வாப், பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் ஸ்வாப்ஆன் ஆகிய இரண்டையும் இயக்குங்கள், கணினி தொடங்கும்போது இணைக்க வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேருங்கள். வேலை முடிந்தது. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் மட்டும் அதற்கான தனி விதிகளைப் படித்துவிட்டுச் செய்யவும்.

2 ஜிபி, 4 ஜிபி ரேம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல வழி இசட்ரேம். குறைவாகப் பயன்படும் பக்கங்களைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பல நேரங்களில் பக்கங்கள் பாதிக்கும் குறைவான அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து இது கெர்னலின் முழு அங்கம். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பு முதல் இயல்பாகவே இயங்குகிறது. உபுண்டு, மின்ட் அடங்கிய டெபியன் குடும்பத்தில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற பொதியை நிறுவினால் போதும். நான் கைவைக்கும் பழைய கணினிகளில் முதலில் செய்வது இதைத்தான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் இன்னும் நல்லது. அந்தச் செலவை எல்லோரிடமும் வற்புறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு பதற்றத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப் 300 எம்பி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினால் அது நோயன்று. என்றோ ஒதுக்கிவைத்த பக்கங்கள் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது, ஸ்வாப்பிலிருந்து வருவதையும் ஸ்வாப்புக்குப் போவதையும் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையின் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளை. அவை தொடர்ந்து பெரிய எண்களைக் காட்டினால்தான் நினைவகம் உண்மையிலேயே போதவில்லை என்று பொருள். ஸ்வாப்பினஸ் என்ற கெர்னல் அமைப்பின் மதிப்பு 60 என்பதற்கு ‘ரேம் 60 விழுக்காடு நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும்’ என்பது பொருளன்று. எதை முதலில் வெளியேற்றுவது, நிரல்களின் பக்கங்களையா, கோப்புகளின் தற்காலிக நகல்களையா என்பதில் கெர்னலின் சாய்வைத்தான் அந்த எண் குறிக்கிறது.

ஹார்ட் டிஸ்க் செத்துப்போய், வேறு வழியே இல்லாமல் தற்காலிகமாகப் பென் டிரைவில்தான் ஸ்வாப் வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அதற்கென்றே ஒரு பென் டிரைவை ஒதுக்குங்கள். வேறு எந்தக் கோப்பும் அதில் இருக்கக் கூடாது. எம்கேஸ்வாப் கொடுப்பதற்கு முன் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் சாதனத்தின் பெயரையும் அளவையும் இருமுறை பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் அழிவது இன்னொரு வட்டு. எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 என்று எழுதாதீர்கள், அந்தப் பெயர் நாளை மாறும்; மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதி, நோஃபெயில் என்பதையும் சேருங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவ் இல்லாத நாளில் கணினி தொடங்கும்போது ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருக்கும். எடுப்பதற்கு முன் ஸ்வாப்ஆஃப் கொடுத்து, அது முடியும்வரை பொறுத்திருங்கள். கோப்பு மேலாளரில் தரவுப் பகுதியை அன்மவுண்ட் செய்வதால் ஸ்வாப் விடுபடாது. ரேமில் போதிய இடம் இல்லாவிட்டால் ஸ்வாப்ஆஃப் மறுத்துவிடும்; அப்போது உலாவியை மூடுங்கள், அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள்.

வெறும் கோப்புகளுக்காகப் பென் டிரைவைப் பயன்படுத்துவோரும் இதே அவசரத்தால்தான் இழக்கிறார்கள். நகலெடுப்பது முடிந்ததாகத் திரை சொன்னாலும், எழுத வேண்டியதில் ஒரு பகுதி இன்னும் ரேமில் காத்திருக்கலாம். ரேம் பெரிதாக இருந்தால் அந்தப் பகுதியும் பெரிதாகவே இருக்கும். சிங்க் கட்டளை கொடுத்து அது முடியும்வரையாவது, அல்லது பாதுகாப்பாக எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரையாவது தயவுசெய்து காத்திருங்கள். நம்ப முடியாத விலைக்கு ‘2 டிபி பென் டிரைவ்’ வாங்கியவர்கள், எதையும் அதில் வைப்பதற்கு முன் எஃப்3 நிரலால் அதன் உண்மையான கொள்ளளவைச் சோதித்துவிடுங்கள். எழுதியதாகச் சொல்லிவிட்டுத் தூக்கியெறியும் போலிகள் சந்தையில் நிறைய உள்ளன.

ஒருமுறை ஸ்வாப்பாக இருந்த பென் டிரைவை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். ரேமில் இருந்த கடவுச்சொற்களும், திறந்திருந்த மின்னஞ்சல்களும் குறியாக்கம் இல்லாமல் அதில் எழுதப்பட்டிருக்கலாம். விரைவு ஃபார்மட் அவற்றை அழிப்பதில்லை. டிடி கட்டளையால் முழுப் பென் டிரைவிலும் பூஜ்யங்களை எழுதுங்கள். அப்போதும் கட்டுப்படுத்தி ஒதுக்கிவைத்த உதிரித் தொகுதிகளில் பழையன எஞ்சியிருக்க வாய்ப்புண்டு என்பதால், அந்தக் கணினியில் வங்கி வேலை பார்த்தவர்கள் அந்தப் பென் டிரைவை உடைத்துப் போட்டுவிடுவதே நல்லது.