ஒரு துளையின் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்

கனிமம் தேடும் நிறுவனம் ஒன்றின் துளை அறிவிப்பிலிருந்து ‘200 மீட்டருக்கு டன்னுக்கு 0.5 கிராம் தங்கம், கூடவே செம்பு’ என்பது போல ஒரு வரியை அனுப்பிவிட்டு, இது நல்ல இடமா, பணம் போடலாமா, எங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் சுரங்கம் வந்துவிடுமா என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. துளையிட்டு எடுக்கும் பாறைக் கோர்களை, அதாவது நீள உருளைக் கற்களைப் படித்துப் பதிவு செய்வதுதான் என் வேலை, அதனால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இதற்கு முன்னால் அங்கே போட்ட துளைகள் என்ன ஆயின? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

ஏன் என்று புரிய, பூமிக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். செம்பும் தங்கமும் சேர்ந்து கிடைக்கும் பெரிய படிவுகளில் பல போர்ஃபிரி வகையைச் சேர்ந்தவை. ஒரு நிலத்தட்டு இன்னொன்றுக்கு அடியில் அமிழும் இடங்களில் மாக்மா உருவாகி மேலே ஏறுகிறது. தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே அது இறுகும்போது அதில் கரைந்திருந்த நீர் பிரிந்து வெளியே வரும். உப்பும் கந்தகமும் உலோகமும் கலந்த அந்தக் கொதிநீர் சுற்றியிருக்கும் பாறையை நொறுக்கி, ஆயிரக்கணக்கான மெல்லிய விரிசல்களில் புகுந்து, ஆற ஆறச் செம்பையும் தங்கத்தையும் அங்கேயே விட்டுவிடும். அதனால் இங்கே தங்கக் கட்டியெல்லாம் தேடக்கூடாது. பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவான செம்பு, டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லாத தங்கம், ஆனால் கோடிக்கணக்கான டன் பாறை, இதுதான் கணக்கு.

அந்தக் கொதிநீர் பாறையின் நிறத்தையும் குணத்தையும் மாற்றிவிட்டுப் போகிறது, எங்களுக்கு வழி காட்டுவதும் அதுதான். நடுவில் வெப்பம் அதிகம் இருந்த இடத்தில் பழுப்பு பயோடைட், இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், தங்கம் அதிகமுள்ள படிவுகளில் பெரும்பாலும் காந்தம் இழுக்கும் இரும்புக் கனிமமான மேக்னடைட்டும் இருக்கும். அதைச் சுற்றியோ அதன் மேலேயோ வெளிறிப்போன செரிசைட், குவார்ட்ஸ், இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம் போல மின்னும் பைரைட் நிறைய. இன்னும் வெளியே போனால் பச்சை நிறக் கனிமங்களான குளோரைட்டும் எபிடோட்டும். இந்த வரிசையை லோவெல், கில்பர்ட் என்ற இரண்டு நிலவியலாளர்கள் அரிசோனாவில் உள்ள சான் மானுவல்–காலமசூ படிவை வைத்து 1970இல் எழுதி வைத்தார்கள், இன்றைக்கும் துறையில் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறோம்.

கோர் பெட்டி முன்னால் உட்காரும்போது முதலில் தண்ணீர் தெளித்துத் துடைப்பேன், ஈரத்தில்தான் நிறம் சரியாகத் தெரியும். மஞ்சளாக மின்னுவதைக் கத்தியால் கீறிப் பார்ப்பேன். பைரைட் என்றால் கத்திக்கு அசையாது. செம்புக் கனிமமான சால்கோபைரைட் என்றால் கீறல் விழும், பச்சை கலந்த கருப்புத் தூள் வரும். தங்கம் பொடியாகாது, அப்படியே அமுங்கும், ஆனால் இந்த வகைப் படிவில் அதைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். கயிற்றில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்றும் எப்போதும் கையில் இருக்கும். கோர் மேல் அதை நகர்த்திக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் சட்டென்று இழுத்தால் மேக்னடைட் தொடங்குகிறது, நடுப்பகுதியை நெருங்குகிறோமோ என்று அங்கே நிதானிப்பேன்.

சரி, பழைய துளைகள் ஏன் தவறுகின்றன? அடிக்கடி பார்க்கிற காரணம் பைரைட்தான். தரைக்குள் மின்சாரம் செலுத்தி, அதை நிறுத்திய பிறகும் பாறை எவ்வளவு நேரம் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அளக்கும் ஐ.பி. ஆய்வு இந்தத் தேடலில் வழக்கம். உலோக சல்ஃபைடு, அதாவது பைரைட் போலக் கந்தகத்தோடு சேர்ந்த உலோகக் கனிமம், எங்கே அதிகமோ அங்கே வரைபடம் சிவப்பாகிவிடும். ஆனால் போர்ஃபிரியில் சல்ஃபைடு மிக அதிகம் இருப்பது பல சமயம் நடுவில் இல்லை, வெளிறிய பைரைட் வளையத்தில். மிகச் சிவப்பான இடத்தில் துளை போட்டால் பெட்டி பெட்டியாக பைரைட் வரும், செம்பு கையளவுகூட வராது, குழு மனம் உடைந்து கிளம்பிவிடும், படிவோ கொஞ்சம் தள்ளியோ இன்னும் ஆழத்திலோ அப்படியே கிடக்கும். பழைய அறிக்கைகளில் இன்னொன்றும் பார்க்கிறேன், செம்புக்கு மட்டும் சோதனை செய்துவிட்டுத் தங்கத்துக்குச் செய்யாமலே விட்டிருப்பார்கள்.

மங்கோலியாவின் தெற்கு கோபிப் பாலைவனத்தில் இருக்கும் ஓயு தோல்கோய் என்ற செம்பு-தங்கப் படிவு இதற்குச் சரியான பாடம். 1990களின் பிற்பாதியில் பிஎச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனம் அங்கே 23 துளைகள் போட்டுவிட்டு விலகியது. 2000இல் வந்த ஐவன்ஹோ நிறுவனமும் முதலில் மேல்மட்டத்தில் செறிந்திருந்த செம்பைத்தான் துரத்தியது. 2001இல், 150ஆம் எண் துளையில், 508 மீட்டர் நீளத்துக்கு 0.81 சதவீதச் செம்பும் டன்னுக்கு 1.17 கிராம் தங்கமும் வந்தது. அடுத்த ஆண்டே வடக்குப் பக்கம், தரைக்கு மேல் அடையாளமே இல்லாமல் முழுதும் புதைந்திருந்த இன்னும் பெரிய பகுதி கிடைத்தது. ஆனாலும் திறந்தவெளிச் சுரங்கத்தில் உற்பத்தி தொடங்கியது 2013இல், அந்தப் புதைந்த பகுதியில் நிலத்தடி உற்பத்தி 2023இல். தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் வேறு வகைப் படிவு, அங்கேயும் 1975இல் போட்ட முதல் துளையில் செம்பு வந்தும், மறு வருடம் பத்தாவது துளைதான் அதன் அளவை உணர்த்தியது.

இதைச் சொன்னதும் ‘அப்படியென்றால் கைவிட்ட இடமெல்லாம் புதையலா’ என்று கிளம்பிவிடுகிறார்கள். இல்லை. கைவிட்ட இடங்களில் மிகப் பெரும்பாலானவை சரியான காரணத்துக்காகத்தான் கைவிடப்பட்டவை. பழைய துளை எந்த மண்டலத்தில் முடிந்தது, அதற்கு மேல் போகாமல் நிறுத்தியது ஏன், புதியவர்கள் எதை மாற்றிச் செய்யப்போகிறார்கள் என்று அறிவிப்பில் இருந்தால் படியுங்கள். ‘பெரிய நிறுவனம் கவனிக்காமல் விட்ட இடம்’ என்று மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

அந்த முதல் வரிக்கு வருவோம். 200 மீட்டருக்கு 0.5 கிராம், ‘அதில் 10 மீட்டருக்கு 8 கிராம்’ என்று கீழே சின்னதாக இருக்கும். நீளத்தைத் தரத்தால் பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 100, அந்தப் பத்து மீட்டரே 80. மிச்சம் 190 மீட்டருக்கு வருவது 20தான், அதாவது டன்னுக்குச் சுமார் 0.1 கிராம். ஒரு நல்ல இழையின், அதாவது பாறைக்குள் பட்டையாக ஓடும் செறிவான பகுதியின் தங்கத்தை 200 மீட்டருக்குத் தேய்த்துப் பரப்பியிருக்கிறார்கள். எண்ணில் பொய் இல்லை, ஆனால் படிப்பவர் மனதில் உருவாகும் படம் பொய். துளை இழையோடு சேர்ந்தே சரிந்து இறங்கியிருந்தால் அந்தப் பத்து மீட்டரின் உண்மையான அகலம் இரண்டு மீட்டராகக்கூட இருக்கலாம். உண்மை அகலம் கொடுத்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் கோர். அதை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியிலேயே வைத்திருப்பதுதான் முறை. யாராவது சந்தேகப்பட்டால் திரும்பச் சோதிக்க அந்தப் பாதி வேண்டும். இந்தோனேசியாவின் புசாங்கில் கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் 7 கோடி அவுன்ஸ் தங்கம் என்று சொன்னபோது கோரைப் பாதியாக அறுத்து வைக்காமல் கிட்டத்தட்ட முழுதாக நொறுக்கியிருந்தார்கள். 1997இல் வெளியாட்கள் பக்கத்திலேயே துளை போட்டுப் பார்த்தார்கள், சொல்லும்படி தங்கம் இல்லை. மாதிரிகளில் இருந்த துகள்களோ ஆற்றுத் தங்கம் போல உருண்டு தேய்ந்திருந்தன, வெளியிலிருந்து கலந்திருக்கிறார்கள். சேமிப்பைப் போட்ட எத்தனையோ குடும்பங்கள் அதில் நொறுங்கின. அதன் பிறகுதான் கனடா 2001இல் அறிக்கை விதிகளை இறுக்கி, தகுதி பெற்ற ஒருவர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்றது.

ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு வரி வந்தால், எனக்கு அனுப்பும் முன்னால் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத துளைகளின் முடிவுகள் உட்பட எல்லாத் துளைகளின் பட்டியல், ஒரு குறுக்குவெட்டுப் படம், மீதிக் கோர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம், இந்த மூன்றையும் கேளுங்கள். வந்ததும் அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.