அர்மகெதோன்: ஒரு மண்மேடு ஊழிப்போர் ஆன கதை

அர்மகெதோன் என்றதும் பலருக்கு விண்கல்தான் நினைவுக்கு வருகிறது. 1998-இல் வந்த ஹாலிவுட் படம் செய்த வேலை அது. உண்மையில் அந்தச் சொல்லுக்கும் விண்கல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஓர் இடத்தின் பெயர். ஊர் இடிந்து, அதன்மேல் அடுத்த ஊர் எழுந்து, அதுவும் இடிந்து, அப்படியே உயர்ந்துபோன ஒரு மண்மேடு.

எபிரேய மொழியில் 'ஹர்' என்றால் மலை. 'மெகிதோ' என்பது ஊர். இரண்டும் சேர்ந்து கிரேக்கத்தில் 'ஹர்மகெதோன்' ஆனது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பழைய தமிழ் வேதாகமம், வெளிப்படுத்தின விசேஷம் 16-ஆம் அதிகாரத்தில், 'அர்மகெதோன்' என்று ஒலிபெயர்த்துக்கொண்டது. கடைசிக்காலப் போருக்கு உலகத்து ராஜாக்கள் கூட்டிச் சேர்க்கப்படும் இடம் அது. ஆக, வேதாகமத்திலும் அது போரின் பெயர் இல்லை, போர்க்களத்தின் பெயர்தான்.

அந்த இடம் ஏன்? இன்றைய இஸ்ரேலின் வடக்கே, எகிப்திலிருந்து மெசபடோமியா நோக்கிப் போகும் பழைய பெருவழி ஒரு கணவாய் வழியாகச் சமவெளியில் இறங்கும் இடத்தில் மெகிதோ நிற்கிறது. கணவாயைப் பிடித்தவன் கையில் வழி. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னன் மூன்றாம் துட்மோஸ் அங்கே போரிட்டான். கி.மு. 609-இல் யூதாவின் அரசன் யோசியா அங்கே மாண்டான். 1918-இல் பிரிட்டிஷ் தளபதி அலன்பி உஸ்மானியப் படையை முறியடித்த போரும் மெகிதோ என்றே பெயர் பெற்றது. அதில் இந்தியக் குதிரைப்படையும் இருந்தது. இரத்தம் குடித்த மண் என்று நாம் சொல்வோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

போகப்போக இடத்தின் பெயர் நிகழ்ச்சியின் பெயராயிற்று. 1912-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தன் தேர்தல் களத்தையே அர்மகெதோன் என்று முழங்கினார். 1945-இல் ஹிரோஷிமாவுக்குப் பிறகு அந்தச் சொல் அணுகுண்டோடு ஒட்டிக்கொண்டது. இன்றுவரை பிரியவில்லை.

அந்தப் பொருளோடுதான் 1967 பிப்ரவரி 23 அன்று அது அமெரிக்க வீடுகளின் கூடத்துக்கு வந்தது. என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரின் முதல் பருவத்தில், 'எ டேஸ்ட் ஆஃப் அர்மகெடான்' என்ற அத்தியாயம். எழுதியவர்கள் ராபர்ட் ஹாம்னர், ஜீன் கூன். கூன் முன்னாள் மெரீன் படைவீரர். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். போரைத் தொலைவிலிருந்து மட்டும் பார்த்தவர்கள் அல்ல இவர்கள்.

கதை இதுதான். எமினியார், வெண்டிகார் என்று இரண்டு கோள்கள். 500 ஆண்டுகளாகப் போர். ஆனால் எமினியாரில் ஒரு சுவர்கூட இடிந்திருக்காது. தெருக்கள் பளிச்சென்று இருக்கும். குண்டு விழுவது கணினியில் மட்டுமே. எந்த நகரில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கணினி கணக்குப் போடும். பட்டியலில் பேர் வந்தவர்கள் 24 மணி நேரத்துக்குள் தாங்களே நடந்து போய் ஓர் அறைக்குள் நுழைய வேண்டும். கதவு மூடும். திறக்கும்போது உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

மியா என்ற இளம்பெண் தன் பேர் பட்டியலில் வந்துவிட்டதை, அங்கே வந்திறங்கிய விண்கலத்தின் கேப்டன் கர்க்கிடம் சொல்லும் காட்சி என்னை விட்டு அகலவே இல்லை. அழுகை இல்லை. நாளை நண்பகலுக்குள் போயாக வேண்டும் என்கிறாள், ரேஷன் கடைக்குப் போக வேண்டும் என்பதுபோல. அவளைச் சாகடிப்பதில் பாதி வேலையைச் சொற்களே முடித்துவிட்டன. அங்கே யாரும் 'கொல்கிறோம்' என்பதில்லை, 'பதிவு' என்பார்கள். அதே ஆண்டுகளில் வியட்நாமில் அமெரிக்க ராணுவம் வாரந்தோறும் 'பாடி கவுன்ட்' அறிவித்துக்கொண்டிருந்தது. பிணக்கணக்கு என்று நேராகத் தமிழில் சொல்லிப் பாருங்கள், வாய் கூசும். கூச வேண்டும்.

சரி, அர்மகெதோனுக்குத் தமிழ் என்ன? 'இறுதிப்போர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈழத் தமிழருக்கு இறுதிப்போர், இறுதி யுத்தம் என்றால் 2009, முள்ளிவாய்க்கால். அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடருக்கு அதை எடுத்தாள எனக்கு மனம் வராது. 'பிரளயம்' வெள்ளத்தின் பக்கம் சாய்கிறது. மனிதன் செய்த குற்றம் அதில் தெரிவதில்லை.

'ஊழிப்போர்' சரியாக வருகிறது. ஊழி என்பது நெடுங்காலம், யுகம், அந்த யுகத்தின் முடிவும்கூட. 'ஊழி பெயரினும் தாம்பெயரார்' என்று குறளிலேயே (989) இருக்கிறது. ஊழித்தீ, ஊழிக்காற்று என்று நமக்குப் பழக்கமும் உண்டு. போர் என்று சேர்த்துவிட்டால் அது தானாக வந்த அழிவு அல்ல, யாரோ தொடுத்தது என்பதும் தெளிவாகிவிடும். வேதாகமத்தைப் பேசும்போது அர்மகெதோன் என்றே இருக்கட்டும். அணு ஆயுதப் போருக்கு ஊழிப்போர். தேர்தலுக்கெல்லாம் 'வாழ்வா சாவா போட்டி' போதும்.

இன்னும் ஒரு சொல் பாக்கி: 'டேஸ்ட்'. ருசி, சுவை இரண்டும் இங்கே நாக்கோடு நின்றுவிடுகின்றன. நான் 'பதம்' என்பேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கல் காலைப் பதம் பார்த்தது என்றும் சொல்கிறோம். மாதிரி, காயம் இரண்டும் ஒரே சொல்லில். 'ஊழிப்போரின் பதம்'.

அத்தியாயத்தின் முடிவில் நடப்பதும் அதுவே. கர்க் அந்தக் கணினிகளைத் தகர்த்துவிடுகிறார். இனி விழுந்தால் நிஜக் குண்டு. எமினியாரின் தலைவர் அனான் 7 நடுங்கிப்போகிறார். வெண்டிகாரோடு பேச ஒரு நேரடித் தொடர்பு இருப்பதும், பல நூற்றாண்டுகளாக அதை யாரும் தொட்டதே இல்லை என்பதும் அப்போதுதான் அவர் வாயிலிருந்து வருகிறது.