கண்ணைக் கட்டிக் கூட்டிப்போன ஆஸ்பத்திரி

1943 டிசம்பர். ஜெர்மன் படையின் பிடியில் இருந்த மேற்கு ஸ்லோவேனியாவில், செர்க்னோ ஊருக்குப் பக்கத்தில் பாசித்சா என்ற மலையிடுக்கில் ஒரு மரக்குடில் எழுந்தது. டிட்டோ தலைமையில் யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட்கள் ஜெர்மானியரை எதிர்த்து நடத்திய பார்ட்டிசான் என்ற கொரில்லாப் படைக்கான ரகசிய ஆஸ்பத்திரி அது. தொடங்கியவர் டாக்டர் விக்டர் வோல்ச்யாக். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற பெண் மருத்துவர் பிரான்யாவின் பெயர்தான் அதற்கு நிலைத்தது. 1945 மே வரை நடந்தது, எதிரி கடைசிவரை அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. எப்படி?

குடிலை மறைப்பதுகூடப் பரவாயில்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, மேலே மரங்கள். விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது நேர்கோடும் நிழலும்தான், கூரையில் தழையைப் பரப்பினால் இரண்டும் கலைந்துவிடும். வழியை மறைப்பதுதான் பெரும்பாடு. அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு நாலு பேர் தினமும் நடந்தால் தானாகவே ஒற்றையடிப் பாதை விழும், பனிக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் ஓடைக்குள் இறங்கி நடந்தார்கள். தண்ணீரில் கால்தடம் நிற்காது. மோப்ப நாய் பின்தொடர்வது நம் உடம்பிலிருந்து உதிரும் துகள்களின் வாசனையையும் மிதிபட்ட புல், மண்ணின் வாசனையையும்தான், ஓடும் நீர் அதில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விடும். நட்டநடு இரவு, எலும்பை உறைய வைக்கும் தண்ணீர், வழுக்கும் கல், தோளில் முனகும் ஒரு மனிதர். அவர்கள் எப்படித்தான் கால் தவறாமல் நடந்தார்களோ என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அப்புறம் இன்னொரு தடம் இருக்கிறது, மனிதர்களின் ஞாபகம். குணமானவர் மறுபடி சண்டைக்குப் போவார், பிடிபடலாம், சித்திரவதைக்கு ஆளாகலாம். அதனால் காயம்பட்டவரின் கண்ணைக் கட்டித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். வழியே தெரியாதவரை எவ்வளவு அடித்தாலும் வழி வெளியே வராது. இது அவர்மேல் இருந்த சந்தேகம் இல்லை, அவர் தாங்க வேண்டிய சுமையைக் குறைத்த ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

உள்ளே ஆபரேஷன் அறை, எக்ஸ்ரே கருவி எல்லாம் இருந்தன. மின்சாரத்துக்குச் சிறிய நீர்மின் நிலையம், எரிபொருளைச் சுமந்து வர வேண்டாம், புகையும் எழாது. பலத்த காயத்தோடு வந்த 500க்கும் மேற்பட்டோருக்கு இங்கே சிகிச்சை நடந்தது, அவர்களில் இத்தாலியர்கள், சோவியத் வீரர்கள், ஏன், அமெரிக்கர்கூட உண்டு.

போருக்குப் பிறகு அருங்காட்சியகமாக நின்ற குடில்களை 2007 செப்டம்பரில் அதே மலையிடுக்கில் வந்த வெள்ளம் அடித்துப் போனது. மறுபடி கட்டி 2010இல் திறந்தார்கள்.