சொல் விளக்கம்: மசாலாப் படம்

பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் கறித்தூள் கேட்டால் கடைக்காரர் முதலில் ஒன்று கேட்பார்: "மீனுக்கா, இறைச்சிக்காண்ணே?" மீன் என்றால் வெந்தயம் கொஞ்சம் தூக்கல். இறைச்சி என்றால் பட்டை, கிராம்பு, சோம்பு. சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான், அளவுதான் வேறு. அந்தக் கைப்பக்குவத்துக்குப் பெயர் மசாலா. அதே சொல் படத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஏன் வசவாகிவிடுகிறது?

மசாலா நமக்கு உருது வழியாக வந்த சொல். உருதுவுக்குப் பாரசீகம் தந்தது, பாரசீகத்துக்கு அரபி. அரபியில் 'மஸ்லஹா' என்றால் நன்மை, நலன். அதன் பன்மை 'மஸாலிஹ்'. ஒன்றைச் சீராக்கத் தேவையானவை என்று பொருள் விரிந்து, வடநாட்டில் கட்டடச் சாந்துக்கும் சமையல் சரக்குக்கும் பெயரானது. மலாயில் நல்ல பிள்ளையை 'ஆனாக் சோலே' என்பார்களே, அந்த 'சோலே'யும் இதே வேரில் கிளைத்ததுதான்.

பாட்டு, சண்டை, அழுகை, சிரிப்பு எல்லாம் ஒரே இலையில் பரிமாறும் படத்துக்கு இந்தப் பெயர் பிந்தி வந்தது. வடிவம் பழையது. சினிமா பிறக்கும் முன்பே பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் இப்படித்தான் ஆடின. 1870களில் அவை பினாங்குக்கும் வந்தன. பாஷை புரியாமலே மலாய்க்காரர்கள் ரசித்தார்கள். 1885இல் இங்கேயே மாமாக் பூஷி என்ற வணிகர் மலாயில் ஒரு குழு தொடங்கினார். பங்சாவான் நாடகம் அப்படித்தான் வேர்விட்டது. காட்சிக்குக் காட்சி நடுவே அதிலும் பாட்டு, ஆட்டம், கோமாளி. 1948இல் நம் பினாங்குப் பிள்ளை, மலாய்த் திரையின் நடிகரும் பாடகருமான பி. ராம்லியை முதன்முதலில் திரையேற்றியவரும் இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ்தான். ஜப்பானில் 1998இல் 'முத்து' ஓடியதும், 2023இல் 'நாட்டு நாட்டு' ஆஸ்கர் வாங்கியதும் பின்னால் நடந்தவை.

தரம் இருக்கிறதா? எல்லாப் படத்துக்கும் நான் பரிந்து பேச மாட்டேன். கதையோடு ஒட்டாத குத்துப்பாட்டு, கருகிய வெந்தயம் மாதிரி குழம்பையே கெடுத்துவிடும். ஆனால் கலப்பது கலையல்ல என்று சொல்கிறவர்கள் சோற்றின் மேல் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் 'குவா சம்போர்' என்ற குழம்புக் கலவையை ஊற்றும் கையைக் கவனிக்க வேண்டும். எந்தக் குழம்பு எத்தனை கரண்டி என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். போன தீபாவளிப் படத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு மலாய் மக்சிக், அதாவது அத்தை வயதுப் பெண்மணி. நகைச்சுவைக் காட்சியில், அடியில் மலாய் எழுத்து வருமுன்பே சிரித்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து, துடோங் என்ற தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே இருக்கையில் இரண்டையும் வரவழைப்பது லேசான வேலையா?

தமிழில் என்ன சொல்லலாம்? 'கலவைப் படம்' சிமெண்டை நினைவூட்டுகிறது. 'வணிகப் படம்' கல்லாவைத்தான் சொல்கிறது, சுவையைச் சொல்லவில்லை. தொல்காப்பியர் நகை, அழுகை தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்துகிறார். சிரிப்பையும் அழுகையையும் அவர் ஒரே வரிசையில்தான் வைத்தார். அந்த உணர்வுகளைச் சுவை என்று சொல்வதும் நமக்குப் பழக்கம்தான். நாவுக்கும் அதே சொல், நாடகத்துக்கும் அதே சொல். ஆகவே 'பல்சுவைப் படம்' என்பதே என் தேர்வு. பல சுவைகளை உடைய படம் என்று விரியும். எழுதும்போது 'ப்' மிகும்.