கட்அவுட்: பலகையின் நிழலும் மரத்தின் நிழலும்

கட்அவுட் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தியேட்டர் வாசலில் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் நாயகன், அவர் தலையில் ஊற்றும் பால், காலடியில் வெடிக்கும் சரவெடி என்று படம் தானாகவே மனதில் வந்துவிடும். கட்டட வரைபடம் போடும் எங்களுக்கு அது மரம். ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் வீட்டு மாதிரி செய்து முடித்து, முன்னால் ஒரு தட்டை மரத்தை நிறுத்துவோமே, அதற்குத்தான் 'கட்அவுட் மரம்' என்று பெயர். 2டி மரம் என்றும் சொல்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், காம்பவுண்டு சுவர் ஓரமாக அப்படி ஒரு வேப்பமரத்தை நிறுத்தினேன். பின்னணி நீக்கிய நல்ல பிஎன்ஜி படம், இலை இலையாகத் தெரிந்தது. மாலை நான்கு மணி வெயிலைப் போட்டேன். மரத்துக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு செவ்வகம் விழுந்தது. எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்காரப் பெரியவர்தான் படத்தைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "ஏன் தம்பி, நம்ம வீட்டுக்கு முன்னாடி ஹோர்டிங் எதுவும் வருதா?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. நான் நிறுத்தியிருந்தது கட்அவுட்டே அல்ல, ஹோர்டிங்தான். இந்த வேறுபாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் கட் என்றால் வெட்டு, அவுட் என்றால் வெளியே. விளிம்போடு வெட்டி வெளியே எடுத்த உருவம் கட்அவுட். மீட்டர் பெட்டியில் எலெக்ட்ரீஷியன் 'கட்அவுட்' என்று காட்டும் பீங்கான் சமாசாரம் இதே சொல்தான், பொருள் வேறு: அது மின்சாரத்தைத் துண்டிப்பது. இங்கே நமக்கு வேண்டியது உருவத்தை வெட்டும் கட்அவுட்.

பழைய சினிமா கட்அவுட் செய்தவர்கள் பெயருக்கு உண்மையாக இருந்தார்கள். சிறிய படத்தின்மேல் கட்டம் போட்டு, அந்தக் கட்டங்களைப் பெரிதாக்கி, ஒட்டுப் பலகைகளில் வரைந்து வண்ணம் தீட்டி, பிறகு உருவத்தின் விளிம்பில் ரம்பம் வைத்து அறுத்து, சவுக்குக் கம்புகளில் ஏற்றிக் கட்டினார்கள். தோள் வளைவு தோள் வளைவாகவே இருக்கும். இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடம்புக்கும் நடுவே வானம் தெரியும். மாலையில் அதன் நிழல் சாலையில் சாயும்போது ஓர் ஆள் படுத்திருப்பதுபோல இருக்கும். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. அச்சடித்த துணியை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. அதில் ஆள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிழல் செவ்வகம்தான். இப்போது அதையும் கட்அவுட் என்றே சொல்கிறோம். வெட்டு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கணினியிலும் கதை இதுவே. ஸ்கெட்ச்அப் 2000இல் வந்தது. 2006இல் கூகுளிடம் போனது, 2012இல் டிரிம்பிள் நிறுவனத்திடம். கைகள் மாறியும், நான் பழகிய பதிப்புகளில் ஒரு குணம் மட்டும் மாறவில்லை. நிழல் போடும்போது அது படத்தைப் பார்ப்பதில்லை, படம் ஒட்டிய பரப்பின் விளிம்பைத்தான் பார்க்கிறது. நம் கண்ணுக்கு இலைகளுக்கு நடுவே வானம் தெரியும். நிழல் கணக்குக்கு அங்கே இருப்பது நான்கு கோடும் ஒரு பலகையும். பொருளின் ஒளிபுகாமையைக் குறைத்துப் பார்க்கலாமே என்றால், 70 விழுக்காட்டுக்குக் கீழே போனதும் நிழலே விழாது, அதற்கு மேலே முழு நிழல். நடுவாந்தரம் கிடையாது.

ஆகவே வெட்டத்தான் வேண்டும். படத்தை உள்ளே கொண்டுவந்து, வலது சொடுக்கில் 'எக்ஸ்ப்ளோட்' கொடுத்தால் படம் ஒட்டிய வெறும் பரப்பாகிவிடும். முன்பக்கத் தோற்றத்துக்குப் போய், கோட்டுக் கருவியால் மரத்தின் விளிம்பைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வோர் இலையையும் துரத்தினால் பைத்தியம் பிடிக்கும், கோப்பும் கனத்துப்போகும். ஐம்பது அறுபது கோடுகள் போதும். சுற்றி முடித்ததும் வெளிப்பக்கத்தை அழித்துவிட்டு, இலைக்கொத்துக்குள் வானம் தெரியும் இடங்களில் ஏழெட்டு ஓட்டைகள் போடுங்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல். நிழலுக்கு உயிர் வருவது அந்த ஓட்டைகளில்தான். கடைசியில் கோடுகளை மறைக்க வேண்டும். அழிக்கக் கூடாது, கோடு போனால் பரப்பும் போய்விடும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு அழிப்பானைத் தேய்த்தால் கோடு மறையும், பரப்பு நிற்கும்.

ஓட்டையில் உயிர் இருப்பது பாவைக்கூத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. தோற்பாவை நிழற்கூத்தில் ஆட்டுத்தோலில் உருவத்தை வெட்டிய பிறகு, நகையும் ஆடையும் வரும் இடங்களில் பொடிப்பொடியாகத் துளை போடுவார்கள். விளக்கு அந்தத் துளைகள் வழியாக வந்தால்தான் திரையில் மணிமுடி மின்னும்.

வெட்டிய மரத்தைக் 'காம்போனென்ட்' (ஒரே துண்டாகச் சேர்த்து, வேண்டிய இடத்தில் வைக்கக்கூடிய பாகம்) ஆக்கும்போது இரண்டு கட்டங்களை டிக் செய்யச் சொல்வேன். ஒன்று, எப்போதும் கேமராவைப் பார்ப்பது. நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம் நம்மைப் பார்த்துத் திரும்பும், தட்டை என்பது தெரியாது. அது மட்டும் இருந்தால் மரத்தோடு நிழலும் சுழலும். கேமராவை நகர்த்த நகர்த்த நிழல் அகன்று குறுகி ஆட்டம் போடும். அதற்குத்தான் இரண்டாவது கட்டம், நிழல் சூரியனைப் பார்ப்பது. மரம் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்க, நிழல் மட்டும் சூரியகாந்தியைப்போல வெயில் பக்கமே நிற்கும். மரம் சுழலும் மையமான அச்சுப் புள்ளியை அடிமரத்தின் நடுவில் வைக்க மறந்தால் மரம் ஒரு காலில் நொண்டிச் சுற்றும்.

கணினி வரைகலையில் இப்படித் திரும்பும் பரப்புக்கு 'பில்போர்டு' என்று பெயர். அதை விளம்பரப் பலகை என்று தமிழாக்கினால் நான் செய்த தவறு அகராதியிலும் ஏறிவிடும்.

நிழலுக்கு வருவோம். விளிம்பு மட்டும் தெரிய, உள்ளே முழுக் கறுப்பாக இருக்கும் உருவத்தை 'சிலுவெட்' என்கிறோம். சில்ஹவுட், சில்அவுட் என்று எழுதுகிறவர்களும் உண்டு. கட்அவுட்டோடு பழகிய காதுக்கு அதிலும் ஓர் 'அவுட்' கேட்டிருக்க வேண்டும். உண்மையில் அது ஓர் ஆளின் பெயர். பதினைந்தாம் லூயி காலத்தில், 1759 மார்ச் முதல் நவம்பர் வரை பிரான்சின் நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஏத்தியேன் டி சிலுவெட். பணக்காரர்கள்மேல் வரி போட்டார், செலவைச் சுருக்கினார், எட்டே மாதத்தில் பதவி போனது. மலிவாகச் செய்த எதையும் அவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்தார்கள். ஓவியருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் கறுப்புத் தாளில் முகத்தின் பக்கத் தோற்றத்தை வெட்டி மாட்டிக்கொண்ட வழக்கத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிடித்தது இன்னும் ஒன்று: அந்தக் குடும்பப் பெயர் பாஸ்க் மொழியின் சுலோவெட்டா என்பதன் பிரெஞ்சு வடிவம். 'சுலோ' என்றால் ஓட்டை, குகை. ஓட்டைகள் நிறைந்த இடம் என்பது பெயரின் பொருள். மரத்தில் ஓட்டை போட உட்காரும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

தமிழில் என்ன சொல்லலாம்? சிலுவெட்டுக்கு 'நிழலுரு' நன்றாகப் பொருந்துகிறது. கட்அவுட்டுக்கு நான் 'வெட்டுரு' என்கிறேன். கல்வெட்டு, குறுக்குவெட்டு என்று வெட்டு ஏற்கெனவே நம்மிடம் புழங்குகிறது. ஒரே சிக்கல், கட்டட வரைபடத்தில் 'வெட்டுத் தோற்றம்' என்றால் கட்டடத்தை நறுக்கி உள்ளே காட்டுவது. அதோடு குழம்பாமல் இருக்க 'உரு' கூடவே வரவேண்டும். 'வெட்டு மரம்' என்று சுருக்கினால் விறகுக்கடைக்குப் போய்விடும். 'கத்தரித்த மரம்' என்றால் தோட்டக்காரர் கவாத்துக் கத்தரியோடு வருவார். 'மர வெட்டுரு' என்பதுதான் சரி. தட்டை மரம், பட மரம் என்பவை தவறில்லை, ஆனால் செய்ய வேண்டிய வேலையைச் சொல்வதில்லை. வெட்டுரு சொல்கிறது: வெட்டு, உரு கிடைக்கும்.

மாதிரியை ஒளியும் நிழலுமாகப் புகைப்படம்போல ஆக்கித் தரும் ரெண்டர் மென்பொருள்களில் மட்டும் இந்த வாதம் கொஞ்சம் தளர்கிறது. ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளின் பொருள் அமைப்பில் 'கட்அவுட்' என்றே ஒரு பகுதி உண்டு. அங்கே கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொடுத்தால், வெள்ளை நிற்கும், கறுப்பு ஓட்டையாகும். ரெண்டர் செய்யும்போது அது நிழலிலும் தெரியும். கோட்டை வெட்டாமல் படத்தாலேயே வெட்டுவது. அதை 'வெட்டுப்படம்' என்று வேறாகச் சொல்லிவிடலாம்.

வெட்டியும் தீராத ஒரு சிக்கல் நம் ஊரில் இருக்கிறது. நிழற்குடை, நிழற்சாலை என்று பேசும் நமக்கு நிழல் என்றால் முதலில் ஒதுங்கும் இடம், பிறகுதான் கறுப்பு வடிவம். சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்பார்கள். அன்றைக்கும் உண்மையான வேம்பின் அடியில் மாடு படுக்கும் அளவுக்கு நிழல் இருக்கும். தடிமனே இல்லாத வெட்டுருவுக்கு அடியில் ஒரு கோடுதான் இருக்கும். மே மாத மதியத்தில் படம் எடுத்தாலும் ஏறக்குறைய அதே கதி.

இதற்கு நான் செய்வது, பழைய குறையையே வேலைக்கு வைப்பது. இலைப்பரப்பின் உயரத்தில் கிடைமட்டமாக இன்னொரு வெட்டுருவை, ஓட்டைகளோடு, படுக்க வைக்கிறேன். அதன்மேல் முழுதும் ஒளிபுகும் பிஎன்ஜி ஒன்றை ஒட்டுகிறேன். கண்ணுக்கு அது தெரியாது. ஸ்கெட்ச்அப்தான் படத்தைப் பார்க்காதே; பரப்பைப் பார்த்து, திண்ணை முழுக்கப் பொட்டுப் பொட்டாக நிழலைப் போட்டுவிடும். 'மறை' கட்டளையால் மறைத்தால் மட்டும் இது நடக்காது, பரப்போடு நிழலும் போய்விடும்.

அந்த வேப்பமரம் இன்னும் என் கணினியில் இருக்கிறது, இரண்டு பாகமாக. ஒன்றின் பெயர் 'வேம்பு வெட்டுரு நிற்பது', மற்றதன் பெயர் 'வேம்பு வெட்டுரு படுப்பது'. புதிதாக வரும் பிள்ளைகள் இரண்டாவதைத் திறந்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையே அண்ணா" என்கிறார்கள். நிழலைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.