முதலில் துணி, அப்புறம் பெயிண்ட்

"பெயிண்ட் அடித்து முடித்துவிட்டோம். இதற்கு மேட்ச்சாகத் திரைச்சீலையும் சோஃபா துணியும் சொல்லுங்கள்." போன வாரமும் இதே போன். பெயிண்ட் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, அதே நிறத்தில் துணி கிடைக்காமல் அலுத்துப்போன பிறகுதான் வீட்டுக்குத் துணி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களின் ஞாபகம் வருகிறது.

கிடைக்காதுதான். பெயிண்ட்டை ஆயிரக்கணக்கான சாயல்களில் மெஷினில் கலந்து வாங்கிவிடலாம். துணி எந்த நிறத்தில் நெய்யப்பட்டு வந்ததோ, அதுதான். தேர்வு குறைவாக இருப்பதை முதலில் முடிவு செய்வதுதானே முறை?

சரி, அதே நிறம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சுவர், திரை, சோஃபா, குஷன் எல்லாம் ஒரே நீலம். சோஃபா எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. நிறங்கள் பொருந்த வேண்டுமென்றால் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஒரே நிறம்தான் வேண்டுமென்றால் நெசவையாவது மாற்றுங்கள். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும், சாட்டின் திருப்பி அடிக்கும், சொரசொரப்பான லினன் இரண்டுக்கும் நடுவே நிற்கும். டிசைன் துணிகளைக் கலப்பதாக இருந்தால், ஒன்று பெரிய பூ, இன்னொன்று மெல்லிய கோடு, இரண்டிலும் பொதுவாக ஒரு நிறம். அது போதும்.

பக்கத்து நிறம் செய்யும் வேலையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அப்படிக் காட்டின. 1839இல் இதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். நாம் இன்னும் துணியைத் தனியாகத் தூக்கிப் பார்த்து "நல்ல கலர்" என்கிறோம்.

அதுவும் கடை வெளிச்சத்தில்! அங்கே 6500 கெல்வின் வெள்ளை விளக்கு, உங்கள் ஹாலில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு என்றால், கடையில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு துணிகள் வீட்டில் பிரிந்து நிற்கலாம். போனில் அனுப்பும் போட்டோவை வைத்து என்னிடம் நிறம் கேட்காதீர்கள், தயவுசெய்து. உள்ளங்கையளவு சாம்பிளும் போதாது. அரை மீட்டர் வாங்கி, தொங்க வேண்டிய இடத்திலேயே தொங்கவிட்டு, காலையிலும் இரவிலும் பாருங்கள்.

வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணியில், வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே பெயரில் வேறு நிறம் வரும். வெல்வெட்டின் ரோமம் ஒரே திசையில் இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். தவறினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். திரைக்குக் கம்பியின் நீளத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு அகலம் வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது. பருத்தியைத் தைக்கும் முன்பே நனைத்துவிடுங்கள். வெயில் விழும் ஜன்னலில் பட்டு வேண்டாம். ஆசையை விட முடியாவிட்டால் பின்னால் லைனிங்காவது கொடுங்கள். தினமும் உட்காரும் சோஃபாவின் துணிக்கு மார்ட்டிண்டேல் எண் (துணி எத்தனை உரசலைத் தாங்கும் என்று காட்டும் எண்) என்ன என்று கேளுங்கள், 20,000க்குக் குறைய வேண்டாம்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்துவிட்டவர்கள் அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு மூன்று படி அடர்த்தியாகவோ வெளிறியோ போங்கள். இல்லையென்றால், சுவர் நிறம் ஒரு மூலையில் கொஞ்சமாக வந்துபோகும் டிசைன் துணியாகப் பார்த்து எடுங்கள்.